கெடுபிடி யாரைத் தடுக்கிறது?

அமெரிக்காவில் வேலையிழந்தவருக்கு மாநில அரசு வாராவாரம் தரும் தொகையைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு வாதம் தவறாமல் எழும். வாங்கும் வழி கொஞ்சம் கெடுபிடியாக இருந்தால்தான் நல்லது. இல்லாவிட்டால் உழைக்க மனமில்லாதவரும் ஏமாற்றுக்காரரும் வரிசையில் வந்து நிற்பார்கள். நிஜமாகத் தேவைப்படுகிறவர் எத்தனை தடை இருந்தாலும் விடாமல் வாங்கிவிடுவார். சட்டமன்றங்களில் இதைச் சொல்கிறார்கள், வணிகச் சங்கங்கள் சொல்கின்றன. டெட்ராய்ட் புறநகர்களிலும் டாலஸிலும் நியூஜெர்சியிலும் வேரூன்றிவிட்ட நம் தமிழ்க் குடும்பங்களின் விருந்துகளிலும் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். வரி ஒழுங்காகக் கட்டுகிறவர்கள், ஊர்க்காரர் ஒருவருக்கு ஆபத்து என்றால் நள்ளிரவில் கார் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள். ஆனாலும் அந்த வாதம் தவறு. அதை நம்பி இரண்டு மாநிலங்கள் சட்டமும் மென்பொருளும் உருவாக்கின. என்ன நடந்தது என்பது நீதிமன்ற ஆவணங்களிலும் தணிக்கை அறிக்கைகளிலும் பதிவாகியிருக்கிறது.

முதலில் இது யார் பணம் என்று பார்த்துவிடுவோம். இலவசம் வாங்குகிறவரிடம் கெடுபிடி காட்டலாம் என்ற எண்ணம்தான் அந்த வாதத்தின் அடித்தளம். இந்தத் தொகை இலவசம் அன்று, காப்பீடு. 1932-இல் விஸ்கான்சின் மாநிலம் முதல் சட்டத்தை இயற்றியது. 1935-இல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டம் அதை நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது. ஒவ்வொரு தொழிலாளியின் ஊதியத்தையும் வைத்துக் கணக்கிட்டு முதலாளி மாநில நிதியத்துக்கு வரி கட்டுகிறார். அலாஸ்கா, நியூஜெர்சி, பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களில் தொழிலாளியும் நேரடியாகக் கட்டுகிறார். நியூஜெர்சியின் எடிசனில் வேலை பார்க்கும் ஒருவர் தம் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தால் அந்தப் பிடித்தம் கண்ணில் படும். கார் மோதினால் காப்பீட்டுப் பணம் கேட்க யாரும் கூசுவதில்லை. வேலை போனால் கேட்பதற்கு மட்டும் ஏன் குனிந்து நிற்கவேண்டும்?

இனி, அந்தக் ‘கொஞ்சம் கெடுபிடி’ எப்படி இருக்கும் என்று பார்ப்போம். வேலை போன செய்தி வந்த கையோடு விண்ணப்பிக்கவேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் விண்ணப்பித்த வாரத்திலிருந்துதான் கணக்கு தொடங்கும், தாமதித்த வாரங்கள் போனவை போனவைதான். ஆனால் வேலை இழந்தவர் முதல் இரண்டு மூன்று வாரங்கள் அதிர்ச்சியில் இருப்பார், அல்லது அடுத்த வேலை உடனே கிடைத்துவிடும் என்று நம்பிக்கொண்டிருப்பார். அடுத்தது ஊதியக் கணக்கு. முடிந்துபோன ஐந்து காலாண்டுகளில் முதல் நான்கை மட்டும் எடுத்துக்கொள்வது பொது விதி; அதனால் கடைசிச் சில மாதங்களின் சம்பளம் கணக்கிலேயே வராமல் போகும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்குத் தகுதி இல்லை என்று கடிதம் வருவது இதனால்தான். மாற்றுக் காலக்கணக்கு பல மாநிலங்களில் உண்டு என்பதை அறிந்தவர் குறைவு.

அதையும் தாண்டினால், வேலை ஏன் போனது என்ற கேள்வி. ஆள்குறைப்பு என்றால் சிக்கல் இல்லை. தானாக விலகினார், அல்லது ஒழுங்கீனத்தால் நீக்கப்பட்டார் என்று கம்பெனி எழுதிவிட்டால் விசாரணை வரும். ஹெச்ஆர் அதிகாரி ‘ராஜினாமா என்று போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் பெயருக்குக் களங்கம் வராது’ என்று கனிவாகச் சொல்லி வாங்கிக்கொள்ளும் ஒரு வரிக் கடிதம் இந்த இடத்தில்தான் கழுத்தை இறுக்கும். பிறகு வாரத்துக்கு ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ, ‘வேலைக்குத் தயாராக இருந்தேன், தேடினேன், இவ்வளவு சம்பாதித்தேன்’ என்று சான்று பதியவேண்டும். எங்கெங்கே விண்ணப்பித்தோம் என்ற பட்டியல் வைத்திருக்கவேண்டும். ஒரு வாரம் மறந்தால் அந்த வாரப் பணம் இல்லை. ஒரு கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டு ‘ஆம்’ என்பதற்குப் பதில் ‘இல்லை’ என்று அழுத்திவிட்டால் பணம் நின்றுவிடும், எதற்காக நின்றது என்று கேட்கத் தொலைபேசியில் மணிக்கணக்கில் காத்திருக்கவேண்டும்.

இந்தப் படிகளில் எது சோம்பேறியையும் உழைப்பாளியையும் பிரித்தறிகிறது? ஒன்றும் இல்லை. ஆங்கிலம் எவ்வளவு தெரியும், வீட்டில் கணினி இருக்கிறதா, அலுவலக நேரத்தில் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார முடியுமா, அரசுக் கடிதத்தைக் கண்டால் பயமா, இவற்றைத்தான் அவை அளக்கின்றன. முப்பது வருஷம் கிடங்கில் மூட்டை தூக்கியவர் தோற்பார். படிவம் நிரப்புவதையே தொழிலாகக் கொண்டவர் ஜெயிப்பார்.

ஃபுளோரிடா இதை வெளிப்படையாகவே செய்தது. 2011-இல் ஆளுநர் ரிக் ஸ்காட் காலத்தில் வந்த சட்டம் விண்ணப்பத்தை இணையவழி மட்டும் என்று ஆக்கியது. 45 கேள்விகள் கொண்ட திறனறித் தேர்வு ஒன்றையும் விண்ணப்பதாரர் தலையில் கட்டியது. தொகை தரும் காலத்தை மாநிலத்தின் வேலையின்மை விகிதத்தோடு முடிச்சுப்போட்டு, விகிதம் குறைந்தால் 12 வாரமே என்று சுருக்கியது. வழக்கமாக இருந்தது 26 வாரம். 2013 அக்டோபரில் 7 கோடி டாலருக்கு மேல் செலவில் ‘கனெக்ட்’ என்ற கணினி அமைப்பு வந்தது. தொடங்கிய நாளிலிருந்தே அது தடுமாறியது. மாநிலத் தணிக்கையாளர் திரும்பத் திரும்பக் குறைகளைச் சுட்டிக்காட்டியும் அவை அப்படியே கிடந்தன. ஆங்கிலம் சரளமாக வராதவரையும் மாற்றுத்திறனாளிகளையும் இந்த ஏற்பாடு சட்டவிரோதமாக ஒதுக்குகிறது என்று மத்தியத் தொழிலாளர் துறையின் குடிமை உரிமைகள் பிரிவு 2013-லேயே கண்டறிந்து சொன்னது. ஸ்பானியமும் ஹைத்தி கிரியோலும் பேசும் மியாமி போன்ற ஊரில் இது எத்தனை வீடுகளை வெளியே நிறுத்தியிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டில் அந்த மாநிலத்தில் வேலையில்லாமல் இருந்தவர்களில் பத்தில் ஒருவர் அளவே இந்தத் தொகையைப் பெற்றார்கள். நாடு முழுவதுமே பத்தில் மூன்று பேரை எட்டவில்லை. மீதி ஏழு பேரும் சோம்பேறிகளா? பலர் விதிகளின்படி தகுதி பெறாதவர்கள். தகுதி இருந்தும் கேட்காதவர்கள், கேட்டுப் பாதியில் விட்டவர்கள் இன்னும் பலர்.

2020 வசந்தத்தில் பெருந்தொற்று வந்தபோது இந்தக் கெடுபிடியின் விலை தெரிந்தது. அதற்கு முன் நாடு முழுவதும் ஒரே வாரத்தில் பதிவான புதிய விண்ணப்பங்களின் உச்சம் 1982 அக்டோபரில் 6,95,000. 2020 மார்ச் கடைசி வாரத்தில் அது 60 லட்சத்தைத் தாண்டியது. நியூஜெர்சி ஆளுநர் ஃபில் மர்ஃபி, ‘கோபால்’ (COBOL) என்ற பழைய நிரல்மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வரவேண்டும் என்று பொதுவெளியில் கேட்கும் நிலை வந்தது. ஃபுளோரிடாவின் கணினி திரும்பத் திரும்பப் படுத்தது. ஹயலியா நகரில், கொரோனா பரவிக்கொண்டிருந்த ஏப்ரல் மாதத்தில், காகித விண்ணப்பம் வாங்க மக்கள் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு நீண்ட வரிசையில் நின்றார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் ஸ்காட்டின் கட்சியையே சேர்ந்த, அவருக்குப் பின் ஆளுநரான ரான் டிசாண்டிஸ், மக்கள் சலித்துப்போய் விட்டுவிடவேண்டும் என்பதற்காகவே அர்த்தமில்லாத தடைகள் வைத்து அமைப்பு கட்டப்பட்டதாகத் தெரிகிறது என்று தொலைக்காட்சிப் பேட்டியில் ஒத்துக்கொண்டார். கெடுபிடி ஏமாற்றுக்காரரைத் தடுக்கத்தான் என்று வாதிடுகிறவர்கள் இந்த வாக்குமூலத்துக்குப் பதில் சொல்லவேண்டும்.

மிச்சிகன் செய்தது இன்னும் மோசம். அதைச் சற்று நின்று பார்க்கவேண்டும்.

2013 அக்டோபரில் அந்த மாநிலம் ‘மைடாஸ்’ என்ற மென்பொருளை நிறுவியது. ஊழியர்களைக் குறைத்து, மோசடியைக் கண்டுபிடிக்கும் பொறுப்பைக் கணினியிடம் விட்டது. ஒருவர் ஒரு காலாண்டில் முதல் மாதம் வேலை பார்த்துச் சம்பளம் வாங்குகிறார், பிறகு வேலை போகிறது, அடுத்த இரண்டு மாதம் காப்பீட்டுத் தொகை பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் முதலாளி மாநிலத்துக்குத் தரும் அறிக்கையில் காலாண்டு முழுவதற்குமான மொத்தச் சம்பளம்தான் இருக்கும். மென்பொருள் அந்தத் தொகையைப் பதின்மூன்று வாரங்களுக்கும் சமமாகப் பங்கிட்டு, இவர் தொகை பெற்ற வாரங்களிலும் சம்பாதித்திருக்கிறார், மறைத்துவிட்டார் என்று முடிவுகட்டியது. உடனே ஒரு கேள்வித்தாள். அதுவும் அவருடைய இணையக் கணக்குக்குள் போய் உட்காரும். வேறு வேலைக்குப் போய்ப் பல மாதங்கள் ஆனவர் அந்தக் கணக்கைத் திறந்து பார்க்க என்ன காரணம் இருக்கிறது? பதில் தரப் பத்து நாள் அவகாசம். பதில் இல்லை என்றால் குற்றம் உறுதி. வாங்கிய தொகையைத் திருப்பித் தரவேண்டும், அதன்மேல் நான்கு மடங்கு வரை தண்டம், அதற்கும் மேல் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. கட்டாதவரின் சம்பளத்தில் பிடித்தார்கள். வருமான வரியில் திரும்பிவரவேண்டிய பணத்தைப் பறித்தார்கள். மனிதர் ஒருவரும் கோப்பைப் பார்க்காமலே இவ்வளவும் நடந்தது.

மனிதக் கை படாமல் கணினியே தீர்ப்பளித்த 22,000-க்கும் மேற்பட்ட வழக்குகளை மாநிலம் பின்னர் மறுஆய்வு செய்தது. 93 சதவீதம் தவறு. தவறாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் மொத்தம் 40,000 பேர் வரை இருப்பார்கள். வீட்டை இழந்தவர்கள் உண்டு, திவாலானவர்கள் உண்டு. பத்து நாளில் பதில் சொல்லவில்லை என்று தண்டிக்கப்பட்ட இந்த மனிதர்கள் 2015-இல் வழக்குப் போட்டார்கள். மாநிலம் இழப்பீடு தரவேண்டியிருக்கும் என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஜூலை ஆனது. அதன்பிறகே 2 கோடி டாலருக்கு உடன்பாடு வந்தது.

இது ஒரு மென்பொருளின் பிழை, இதை வைத்துப் பொதுவான முடிவுக்கு வரக்கூடாது என்பார்கள். ஆஸ்திரேலியாவில் ஆண்டு வருமானத்தை இரண்டிரண்டு வாரங்களுக்குச் சமமாகப் பங்கிட்டு, வேலையில்லாதோர் தொகை போன்ற அரசு உதவி வாங்கியவர்கள் மேல் லட்சக்கணக்கில் பொய்க் கடன் சுமத்திய ‘ரோபோடெட்’ விவகாரமும் இதே கணக்குத்தான். 2023-இல் அரச விசாரணை ஆணையம் அதைக் கடுமையாகக் கண்டித்தது. கடலின் இரு கரைகளில் இருக்கும் இரண்டு அரசுகள் ஒரே தவறைச் செய்ததற்குக் காரணம் நிரலாளரின் கவனக்குறைவு என்று நான் ஏற்கமாட்டேன். வேலையில்லாதவர் பொய் சொல்வார் என்று முதலிலேயே நம்பிவிட்டால், அந்தப் பொய்யைக் ‘கண்டுபிடிக்கும்’ கணக்கை யாரும் சரிபார்ப்பதில்லை.

பெருந்தொற்றுக் கால மோசடியை முன்வைப்பவர்களுக்கு நேராகப் பதில் சொல்லவேண்டும், ஏனென்றால் அது நிஜம். அந்தக் காலத்தில் 10,000 கோடி முதல் 13,500 கோடி டாலர் வரை மோசடியில் போயிருக்கலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2023-இல் மதிப்பிட்டது. பயங்கரமான தொகை. அதில் பெரும் பங்கை அடித்துக்கொண்டு போனவர்கள் யார்? திருடிய அடையாள எண்களை மொத்தமாக வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் பல மாநிலங்களில் விண்ணப்பித்த கும்பல்கள். கலிஃபோர்னியாவில் சிறைக்கைதிகளின் பெயரிலும் பணம் போனது. காரணம், விண்ணப்பதாரர் பட்டியலைச் சிறைப் பட்டியலோடு அந்த மாநிலம் ஒப்பிடவில்லை. அந்த ஒப்பீட்டால் நேர்மையான விண்ணப்பதாரருக்கு ஒரு நிமிடத் தொல்லையும் இல்லை. அரசு தன் கையில் இருக்கும் இரண்டு பட்டியல்களைத் தானே பொருத்திப் பார்க்கிற வேலை. 45 கேள்வித் தேர்வோ, எடுக்கப்படாத தொலைபேசியோ, புரியாத கடிதமோ ஒரு கும்பலையும் நிறுத்தவில்லை. அவர்களுக்கு ஆள்பலமும் நேரமும் நிரலும் உண்டு. எளிமையும் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைப்பதால்தான் இரண்டுமே கிடைக்காமல் போகின்றன.

தொகை கிடைத்தால் வேலை தேடமாட்டார்கள் என்ற பழைய புகாருக்கு அதிக இடம் வேண்டாம். ஃபுளோரிடாவில் வாரத்துக்கு அதிகபட்சம் 275 டாலர், இந்த நூற்றாண்டு பிறக்கும் முன்பே நிர்ணயித்தது. மத்தியக் குறைந்தபட்சக் கூலியில் வாரம் 40 மணி நேரம் உழைத்தால் வருவது 290 டாலர். காப்பீட்டுத் தொகையின்மேல் மத்திய வருமான வரியும் உண்டு. 2021 கோடையில், ஆட்கள் வேலைக்கு வரவில்லை என்று சொல்லி இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் மத்திய அரசின் கூடுதல் உதவியை முன்கூட்டியே வெட்டின. வங்கிக் கணக்குகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள் கண்டது, தொகையை இழந்தவர்களில் எட்டில் ஒருவர் அளவே அதனால் புது வேலைக்குப் போனார்கள் என்பது. மற்றவர்கள் செலவைக் குறைத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு தெரிந்தும் கெடுபிடி ஏன் நீடிக்கிறது? பணம் இருக்கும் இடத்தைப் பார்க்கவேண்டும். முதலாளி கட்டும் வரி விகிதம், அவரிடமிருந்து போனவர்கள் எத்தனை பேர் தொகை வாங்கினார்கள் என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும். மனம்போல ஆட்களை நீக்கக்கூடாது என்ற நல்ல நோக்கத்தில் வந்த விதி இது. நடைமுறையில், ஒவ்வொரு விண்ணப்பத்தையும் எதிர்ப்பது கம்பெனிக்கு லாபம் என்று ஆகிவிட்டது. அந்த எதிர்ப்பை எழுதித் தருவதற்கே கூலிக்கு நிறுவனங்கள் இருக்கின்றன. மறுபக்கம் ஒற்றை ஆள், வக்கீல் இல்லாமல். இந்தக் காப்பீட்டுக்கான மத்திய வரியோ ஒரு தொழிலாளியின் ஆண்டுச் சம்பளத்தில் முதல் 7,000 டாலருக்கு மட்டும். 1983-க்குப் பிறகு அந்த வரம்பு ஏறவே இல்லை. நிதியத்தை வறட்சியிலேயே வைத்திருந்தால், வருகிறவரை விரட்டுவதைத் தவிர அதிகாரிக்கு வேறு வழி தெரியாது. இந்த அமைப்பைச் சீராக்க 2021-இல் 200 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2023-இல் கடன் வரம்பு பேரத்தில் அதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

இனி நம்மவர்களிடம். ஹெச்1பி விசாவில் இருப்பவரின் சம்பளத்துக்கும் முதலாளி இந்த வரியைக் கட்டுகிறார். ஆனால் வேலை போனதும் அவருக்கு நாட்டில் தங்க 60 நாள் வரைதான் அவகாசம். சட்டப்படி எந்த வேலையிலும் உடனே சேரக்கூடியவராக இல்லை என்று சொல்லிப் பெரும்பாலும் தொகையை மறுத்துவிடுகிறார்கள். எத்தனை நேர்மையாக, எத்தனை வருஷம் உழைத்தாலும் இந்தக் கதவு திறக்காது. உழைத்தவருக்கு எப்படியும் கிடைத்துவிடும் என்று விருந்தில் வாதிட்ட நண்பர்கள் இந்த ஒரு விதியையாவது யோசித்துப்பார்க்கட்டும். கிரீன் கார்டு உள்ளவருக்கும், வேலை அனுமதியோடு, துணைவருக்கான ஹெச்4 விசாவில் இருந்து உழைத்த பெண்களுக்கும் நிலைமை வேறு. அனுமதி செல்லுபடியாகும்வரை அவர்கள் விண்ணப்பிக்கலாம். பலர் கேட்பதே இல்லை. இதை வாங்கினால் ‘பப்ளிக் சார்ஜ்’, அதாவது அரசுக்குச் சுமை என்று முத்திரை குத்திக் கிரீன் கார்டை மறுத்துவிடுவார்கள் என்ற பயம் ஒன்று. நம் வீட்டில் யாரும் அரசிடம் கை நீட்டியதில்லை என்ற கூச்சம் மற்றொன்று. 2019-இல் வந்த கடுமையான விதியும் சரி, 2022-இல் வந்த விதியும் சரி, வேலையிழப்புக் காப்பீட்டை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. உழைத்துச் சம்பாதித்த உரிமை என்பதே காரணம். கூச்சத்தைப் பொறுத்தவரை, வாங்காமல் விடும் பணம் ஏழைக்குப் போவதில்லை. பழைய கம்பெனியின் வரி விகிதம் ஏறாமல் இருக்கத்தான் அது உதவும்.

ஆகவே, வேலை போன செய்தி வந்தால் அந்த வாரமே விண்ணப்பியுங்கள். ஹெச்ஆர் நீட்டும் காகிதத்தில் ராஜினாமா என்ற வரி இருந்தால் கையெழுத்திடாதீர்கள். நீக்குகிறோம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இணையக் கணக்கை வாரம் இருமுறை திறந்து பாருங்கள், வேறு வேலை கிடைத்த பிறகும் சில மாதங்கள் பாருங்கள். மறுப்புக் கடிதம் வந்தால் அதில் அச்சிட்டிருக்கும் கடைசி நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். சில மாநிலங்களில் 15 நாள், சிலவற்றில் 30. மேல்முறையீடு நடக்கும்போது பணம் வராவிட்டாலும் வாராந்தரச் சான்றை நிறுத்தாதீர்கள், ஜெயித்தாலும் சான்று பதிந்த வாரங்களுக்குத்தான் பணம் தருவார்கள். உங்களுக்குத் தகுதி உண்டு என்று மாநிலம் முடிவு செய்தபின் கம்பெனி மேல்முறையீடு செய்தால், அதைக் காரணம் காட்டிப் பணத்தை நிறுத்த மாநிலத்துக்கு உரிமை இல்லை. கலிஃபோர்னியாவில் அப்படி நிறுத்தப்பட்டவர் ஒருவர் தொடுத்த ஜாவா வழக்கில் 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது இது. விசாரணை அதிகாரி மழுப்பினால் அந்த வழக்கின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.